நான்காம் குழாயின் சூடு

சூரிய மின்நிலையத்தின் முதல் கோபுரம் ஓடத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்ணாடிகள் திருப்பிவிட்ட வெயிலை உருகிய உப்பில் தேக்கி, பொழுது சாய்ந்த பிறகும் ஊருக்கு மின்சாரம் கொடுத்தது. அந்தத் தெம்பில் இரண்டாவது எழுந்தது. மூன்றாவதற்கும் பள்ளம் தோண்டிவிட்டார்கள். இரண்டாவதன் கட்டுப்பாட்டு அறைக்கு யார் தலைமை என்பதுதான் ஆலை முழுக்கப் பேச்சு. முதல் கோபுரத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த அவள் பெயர்தான் முன்னால் நின்றது.

அவளிடம் மேலதிகாரிகள் கண்ட ஒரே குறை, புருஷனும் அங்கேயே ஃபிட்டராக இருந்தது. குழாய்களில் சூடேற்றும் கம்பி சுற்றுவது அவன் வேலை. குளிர்ந்த குழாய்க்குள் போனால் உப்பு கல்லாகிவிடும். அதனால் முதலில் குழாயைச் சுட வைக்க வேண்டும்.

"வீட்டுல உத்தரவு வாங்கிட்டுதான் வால்வத் திறப்பீங்களா மேடம்?" என்று மேலாளர் ஒருமுறை கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

இரண்டாம் கோபுரத்தில் முதன்முதலாக உப்பு விடும் அன்று, காலை பத்து மணிக்கு அவன் போன் செய்தான்.

"நாலாவது குழாயத் திறக்காத. சூடு பாக்கற சென்சார கம்பி மேலயே கட்டி வெச்சிருக்கான் எவனோ புண்ணியவான். அது கம்பியோட சூட்டக் காட்டுது."

"இங்க இருநூத்தித் தொண்ணூறு டிகிரி காட்டுதுங்க."

"நான் குழாய்லயே மீட்டர வெச்சுப் பாத்துட்டேன், நூத்தி அறுபதுதான். உப்பு உறைஞ்சிடும். ரெண்டு மணி நேரம் பொறு."

"யாரு, வீட்டுக்காரரா?" பின்னாலிருந்து மேலாளரின் குரல். ஐந்து தலைகள் திரும்பின.

"மதியம் என்ன சமையல்னு கேக்கறாரு சார்," என்றாள்.

அறை சிரித்தது. போனில் அவன் மூச்சு ஒரு கணம் கேட்டது; பிறகு துண்டித்துவிட்டான். அவள் வால்வைத் திறந்தாள்.

இருபது நிமிடத்தில் உப்பு உறைந்து குழாய் அடைத்துக்கொண்டது. அறுத்து மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வேறு எந்த ஃபிட்டர் சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருப்பேன் என்பது அவளுக்கு அன்றே தெரிந்தது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணைக்கு, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். புருஷனின் கோணல் எழுத்து. "சென்சாரை நான் சரிபார்க்கவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை."

"அவர வேலையிலேர்ந்து நிறுத்தியாச்சு. மூணாவது கோபுரத்துலயும் சேத்துக்க மாட்டோம். உங்களுக்குச் சங்கடம்தான். இதுல ஏதாவது மாத்தணுமா மேடம்?"

மாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை போதும். அப்போது அவளுக்குள் பரவியது அன்பு அல்ல, நன்றியும் அல்ல, வெறும் நிம்மதி. அப்புறம், இத்தனை சுலபமாக என்னைச் சின்னவளாக்கிவிட்டானே என்று அவன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே, மாற்ற ஒன்றுமில்லை என்று தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் அவன் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"உன் வேலையும் போயி, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உக்காரணுமா?" குழாயை மூடினான். ஈரக் கையைத் துடைக்காமலே நின்றான். "எழுதறப்போ, நீ எப்படியும் அத மறுத்து உண்மையச் சொல்லிடுவேன்னுதான் நெனச்சேன்."

அவள் கைப்பேசி அடித்தது. கட்டுப்பாட்டு அறைக்காரர்கள், புதுத் தலைவிக்கு வாழ்த்துச் சொல்ல. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தாள்.

"ரொம்ப நன்றி," என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது.