விஜயதசமித் தட்டு

பொங்கல் விடுமுறை முடிந்து மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த சுடர்விழியை, தளிர்க்கூடு குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் பூட்டுதான் வரவேற்றது. கேட்டில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். நிறுவனம் கடனில் மூழ்கிவிட்டதாம், கலைக்கிறார்களாம், பணம் வரவேண்டியவர்கள் சான்றோடு வரலாமாம். பிள்ளைகளை இனி எங்கே விடுவது என்று ஒரு வரி இல்லை. மனசாட்சி இருந்தால்தானே எழுதுவார்கள்!

குறுவை நெல் விற்ற காசை அவள் கணவன் மருதையன் அப்படியே எடுத்துக் காப்பகக் கட்டணமாகக் கொடுத்திருந்தான். அது திரும்பி வந்தால்தான் வேறு காப்பகத்தில் மகனைச் சேர்க்க முடியும். சேர்த்தால்தான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலை நிலைக்கும். பிள்ளையோடு வரக்கூடாது என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

சான்றுதான் இல்லை. விஜயதசமியன்று சேர்க்கை. வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வருடக் கட்டணத்தையும் தட்டில் வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். இன்னொரு பிள்ளையின் தாய் ரஹ்மத் பீவிகூட ஊரோடு ஒத்துப்போய் வெற்றிலை வாங்கி வந்திருந்தாள். ரசீது என்று யாரோ இழுத்தபோது, காப்பகம் நடத்திய எழில்மொழி சிரித்துக்கொண்டே, “நல்ல நாள்ல போய் ரசீதெல்லாம் கேக்கலாமாங்க?” என்றாள். எல்லோரும் ரசீது வாங்காமலே தட்டைக் கொடுத்தார்கள். கட்டடத்தை ஏலம் விடுவதாக வங்கி அனுப்பிய நோட்டீஸ் அப்போதே அவள் கையில் இருந்ததாம். தெரிந்தே தட்டை வாங்கிய அந்தக் கையை என்ன செய்தால் தகும்?

பொருள்களைக் கணக்கெடுக்க, நிறுவனத்தைக் கலைத்துக் கடனைத் தீர்க்கும் கலைப்பு அலுவலகத்திலிருந்து நெடுமாறன் என்பவர் வந்தார். பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கட்டணம் கட்டியவர்களும் பணத்துக்கு உரிமை கோரலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார், ஆனால் சான்று வேண்டுமென்றார். தட்டில் வந்ததெல்லாம் அன்பளிப்பு என்று எழில்மொழி எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அன்பளிப்பா? வயிற்றைக் கட்டிச் சேர்த்த நெல்லுக் காசு அன்பளிப்பா?

நெடுமாறன் நாற்காலி, தொட்டில், ஊஞ்சல் என்று எழுதிக்கொண்டே போனார். பின்னால் நடந்த சுடர்விழி சுற்றுச்சுவரில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்து நின்றுவிட்டாள். விஜயதசமிக்கு எடுத்த படங்கள். எழில்மொழியின் கைக்குத் தட்டு மாறுகிறது, வெற்றிலைமேல் ரூபாய்த் தாள்கள், அருகில் சுடர்விழி, மகன், மருதையன். மற்றவர்களும் வரிசையாக இருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில், ‘ஆண்டுக் கட்டணம் முழுவதும் செலுத்திய பெற்றோருக்கு நன்றி.’

ஊரைக் கூட்டி ஆள் பிடிக்க எழில்மொழியே அடித்துத் தொங்கவிட்டது. சுடர்விழி கயிற்றை அவிழ்க்கப் போனாள். நெடுமாறன் பதறிப்போய்த் தடுத்தார்.

“அதை எடுக்கக் கூடாதும்மா. அது கம்பெனி சொத்து.”

சுடர்விழி கயிற்றை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“சரிங்க சார், சொத்தாவே இருக்கட்டும். ஊஞ்சலுக்கு அடுத்தாப்புல எழுதுங்க. ஃபிளெக்ஸ் ஒண்ணுன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க. அதுல யார் இருக்காங்க, கையில என்ன இருக்கு, மேல என்ன எழுதியிருக்கு, எல்லாத்தையும் எழுதுங்க.”

அவர் ஃபிளெக்ஸை மேலிருந்து கீழே படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். ரஹ்மத் பீவி முன்னால் வந்து, தன் முகம் எங்கே இருக்கிறதென்று விரல் வைத்துக் காட்டினாள்.