இரண்டு மணி முதல் பத்து மணி வரை

சனிக்கிழமை காலை எட்டு மணி ஆனால் போதும், சுரேனின் வெள்ளைக் கார் பின்பக்கமாக ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நிற்கும். மின்சாரக் கார் என்பதால் சத்தமே வராது. ஆனாலும் அடுப்படியில் நிற்கும் குமுதாவுக்கு அது வந்தது தெரிந்துவிடும். கரண்டியைச் சட்டியில் டங்கென்று போடுவாள்.

இறங்கியதும் அவன் அம்மாவைக் கூப்பிட மாட்டான், டிக்கியைத்தான் திறப்பான். கறுப்பு வயர்ச் சுருளை எடுத்து, ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே உள்ளே விடுவான். செருப்பைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். உள்ளே வந்து செய்கிற முதல் வேலை, ஜன்னலுக்குக் கீழே உள்ள ப்ளக்கிலிருந்து அம்மாவின் காற்றாடியைப் பிடுங்குவது. அங்கே கார் வயரைச் சொருகி, கைத்தொலைபேசியில் எத்தனை விழுக்காடு, இன்னும் எத்தனை மணி நேரம் என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்வான்.

"என்னம்மா, நல்லாருக்கீங்களா?"

அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா முத்தம்மாவின் முகம் மலர்வதைப் பார்த்தால் குமுதாவுக்கு இன்னும் எரியும். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த முகம் வாடும். எழுபத்து மூன்று வயதில், முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த உடம்புக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற சந்தோஷத்தைப் பிடுங்க அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு வெங்காயத்தை நறுக்குவாள். வெங்காயம்தான் பாவம்.

கோப்பெங்கிற்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று அது. ஹாலில் இருப்பதே இரண்டு ப்ளக். ஒன்று டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும், இன்னொன்று காற்றாடிக்கு. குமுதாவுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் கூடி வரவில்லை. லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு அவள், அவளுக்கு அம்மா.

தம்பி சுரேனுக்கு ஈப்போவில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை. எட்டாவது மாடியில் கொண்டோ வீடு, மனைவி ஷர்மினி. அரை மணி நேரத் தூரம்தான். ஆனால் பத்து வருஷமாக அவன் வந்தது தீபாவளிக்கும் அப்பாவின் தெவசத்துக்கும் மட்டும். தெவசத்துக்கும் சில வருஷம் வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவன் நான்கு மாதமாக வாராவாரம் வருகிறான் என்றால், பாசம் திடீரென்று பொங்கி வழிந்துவிட்டதா என்ன? கொண்டோவில் சார்ஜ் போட வசதி இல்லை. வெளியே போட்டால் விலை இரண்டு மடங்குக்கு மேல். அம்மா வீட்டில் சும்மா.

சும்மா சார்ஜ் போட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடக் குமுதா பொறுத்திருப்பாள். வந்த இரண்டாவது வாரமே அவன் அக்காவுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, புது ரேட்டுக்கு மாத்திக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ராத்திரி பத்துலேர்ந்து மறுநாள் ரெண்டு மணி வரைக்கும் கரண்டு மலிவு. சனி, ஞாயிறு முழு நாளும் மலிவு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் மத்தியானம் ரெண்டுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும்தான் கூட. அந்த நேரத்துல பாத்து நடந்துக்கிட்டா போதும்லா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சனிக்கிழமை முழுவதும் யாருக்கு மலிவாக வேண்டும்? குமுதா அன்று ஓவர்டைம் முடித்த களைப்பில் இருந்தாள். அவன் நீட்டிய கைத்தொலைபேசியில் பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் தட்டிவிட்டாள். அந்தப் பாவத்தை அவளே செய்தாள் என்பதுதான் இன்றுவரை அவளுக்குத் தாங்கவில்லை.

அதோடு விட்டானா? ஒரு தாளில் சிவப்புப் பேனாவால் '2 – 10' என்று பெரிதாக எழுதி, சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். ராகு காலம், எமகண்டம், குளிகை, அதற்கு அடுத்து இது.

முத்தம்மா நாட்காட்டியைப் பார்க்காமல் வீட்டில் ஓர் உப்பு பாக்கெட்டைக்கூடப் பிரிக்க மாட்டாள். ராகு காலத்தில் பாசாருக்கு மீன் வாங்கக் கிளம்ப மாட்டாள், எமகண்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். மகன் கையால் எழுதி ஒட்டியதை மட்டும் விடுவாளா? ராகு காலமாவது ஒன்றரை மணி நேரத்தில் ஓடிப்போகும். சுரேன் கொடுத்தது எட்டு மணி நேரம். சரியாக இரண்டடித்ததும் காற்றாடியின் சுவிட்சை அடைப்பாள். டிவியை அடைப்பாள். ஃப்ரிட்ஜையே ஒருநாள் அடைத்துவைத்து மீன் கெட்டுப்போனது.

குமுதா ஐந்தரைக்கு வேலை முடிந்து வரும்போது வீடு அடுப்பாகக் கொதிக்கும். அம்மா ஹாலில் தரையில், சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பத்திரிகைத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருப்பாள்.

"காத்தாடிய போட்டா என்னம்மா? செத்தா போயிருவோம்?"

"ரெண்டு மணிக்கு மேல ஆகாதுன்னு தம்பி சொல்லிருக்கான்லா."

"ஒரு யூனிட்டுக்கு நாலு காசு வித்தியாசம்மா! நாலு காசு! அதுக்கா இப்படி வேர்த்து ஊத்துறீங்க?"

"நாலு காசுன்னாலும் உன் காசுதானே பாப்பா."

குமுதா காற்றாடியைப் போடுவாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மா அடைத்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலையில் இயந்திரம் பழுதென்று ஆட்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். வழக்கமாக ஒன்பது மணிக்கு அரை நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிற குமுதா அன்று முழுக்க வீட்டில் இருந்தாள். அம்மா ஆறு மணிக்கே நடந்து போய் பாசாரில் நண்டு வாங்கி வந்திருந்தாள். எட்டுக்குச் சுரேன் வந்தான், காற்றாடியைப் பிடுங்கினான், வயரைச் சொருகினான். எண்பது விழுக்காடு வந்ததும் கிளம்பிவிடுவேன் என்றான். பிறகு நாற்காலியில் சாய்ந்து கைத்தொலைபேசிக்குள் போய்விட்டான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எதிர் வீட்டு இருளாயி மகளுக்குக் குழந்தை பிறந்த கதையைச் சொன்னாள். அவன் "ஓ" என்றான். தாப்பாவில் அத்தை விழுந்து இடுப்பொடிந்த கதையைச் சொன்னாள். அதற்கும் "ஓ" என்றான். பன்னிரண்டு மணிக்கு நண்டுக் குழம்போடு இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனது. அப்படியே அறைக்குப் போய்க் குறட்டை விட ஆரம்பித்தான்.

குமுதா பின்னால் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஹாலில் அம்மா ஜன்னலுக்குக் கீழே குனிந்திருந்தாள். கை சுவிட்சின் மேல் இருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க, சேலைத் தலைப்பைச் சுவிட்சின் மேல் வைத்து அழுத்தினாள். கார் வயரில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது.

"அம்மா! என்ன செய்றீங்க?"

"உஷ்! தம்பி தூங்குறான்."

"எதுக்கு அடைச்சீங்க?"

அம்மா வாசலில் நின்ற காரையும் அறைக் கதவையும் பார்த்தாள். திருடிப் பிடிபட்டவள் போல் குரலைத் தாழ்த்தினாள். "எம்பது வந்தா போயிருவான் பாப்பா. அன்னிக்கு இடி இடிச்சு கரண்டு போச்சு தெரியுமா? அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கூட இருந்தான். டீ குடிச்சான். அப்பா படத்த எறக்கி தொடைச்சிக்கூட குடுத்தான். அதான் அவன் தூங்குறப்ப கொஞ்ச நேரம் அடைச்சி வைப்பேன். எந்திரிக்கிறதுக்கு முன்ன போட்ருவேன். அவன்கிட்ட சொல்லிடாத."

யார்மேல் கோபம் என்றே குமுதாவுக்குத் தெரியவில்லை. அறையில் குறட்டை விடுகிறவன்மேலா, பெற்ற பிள்ளையைச் சுவிட்சை அடைத்துப் பிடித்துவைக்கிற இந்தக் கிழவிமேலா? அம்மாவின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. காற்றாடி மூலையில், வயரைத் தன்மேலேயே சுற்றிக்கொண்டு நின்றது.

"இப்படியாம்மா ஒரு பிள்ளைய பிடிச்சி வைக்கணும்?" என்றாள்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து, அதேபோல் தலைப்பை வைத்துச் சுவிட்சைப் போட்டாள்.

மூன்று மணிக்குச் சுரேன் எழுந்து கைத்தொலைபேசியைப் பார்த்ததும் கத்திக்கொண்டே ஹாலுக்கு வந்தான்.

"யாரு சுவிட்ச அடைச்சது? பன்னெண்டு அம்பதுல நின்னுருக்கு, ஒன்னு அம்பதுலதான் மறுபடி ஏறுது. போன வாரமும் இப்படித்தான். காடியிலதான் கோளாறுன்னு நான் அரை நாள் லீவு போட்டு சர்வீஸுக்கு கொண்டு போனேன்! நீதானேக்கா?"

அம்மா அடுப்படியில் அவனுக்குக் கொடுத்தனுப்பக் குழம்பை டப்பாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற சத்தம் நின்றது.

"ஆமா, நான்தான்," என்றாள் குமுதா.

"எனக்கு தெரியும். நான் புது காடி வாங்குனதுலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்ல. பொறாமை."

நான்கு மாதமாக மூடிவைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"பொறாமையா? உன் காடிமேலயா? டேய், திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நீ எழுதி ஒட்டுன தாளுக்கு பயந்து அம்மா மத்தியான வெக்கையில காத்தாடி போடுறதில்ல. சனிக்கெழம நீ வந்து அந்த காத்தாடியவே புடுங்கிப் போட்டுர்ற. அவங்க எப்பதான்டா காத்து வாங்குறது? ஞாயித்துக்கெழம ஒரு நாளா? உன் காடிக்கு மலிவு கரண்டு, உன்னை பெத்தவளுக்கு பழைய பேப்பர்! வர்றியே, ஒரு நாளாச்சும் அம்மா சொல்றது காதுல விழுந்துருக்கா? அத்தைக்கு என்ன ஆச்சு சொல்லு பாப்போம்!"

"எந்த அத்தை?" என்று கேட்டான். உண்மையாகவே தெரியாமல் கேட்டான். பிறகு முகம் சிவந்தது. "சரி விடுக்கா. அடுத்த மாசம் எங்க கொண்டோவுலயே சார்ஜர் போடுறாங்க. அப்புறம் நான் எதுக்கு இங்க வரப்போறேன்? உனக்கு நிம்மதிதானே?"

அம்மா டப்பாவோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா இல்ல தம்பி. அடைச்சது நான்."

சுரேன் அவளையே பார்த்தான். அவன் முகம் மாறுவதைக் குமுதா பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவன் சிரித்தான்.

"ஏம்மா? பில்லு ஏறுதுன்னு பயந்துட்டீங்களா? மொதல்லயே சொல்லிருக்கலாம்லா!" பர்ஸைத் திறந்து ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்தான். அம்மாவின் கையைப் பிடித்து, விரித்து, நோட்டை வைத்து மூடினான். "இந்தாங்க, வச்சிக்கோங்க. இன்னும் ஒரு மணி நேரம் போட்டுட்டு கெளம்பிடுறேன்."

குமுதா அந்த நோட்டைப் பிடுங்கி அவன் முகத்தில் வீசப் போனாள். அம்மாவின் இன்னொரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பால் வாளி தூக்கிய கை, இன்னும் வலு இருந்தது.

"விடு," என்றாள் அம்மா.

அவன் இருந்தான். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சரியாக ஒரு மணி நேரம் இருந்தான். பிறகு வயரைச் சுருட்டி, குழம்பு டப்பாவை முன் சீட்டில் வைத்து, "அடுத்த சனி வாரேம்மா" என்று போனான். அம்மா வாசலுக்குப் போகவில்லை. வழக்கமாகக் கார் முனை திரும்பும்வரை நிற்பவள், அன்று உள்ளேயே நின்றாள். நோட்டை நாட்காட்டிக்குப் பின்னால் செருகினாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவள் கேட்டைத் திறக்கும்போதே வீட்டுக்குள் திருவிழா மாதிரி சத்தம் கேட்டது. டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், பார்க்க ஆள் இல்லை. பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் தடதடத்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு துண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. நாட்காட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாத் தாள் இல்லை, ஒட்டியிருந்த பசை மட்டும் இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே, சுரேனின் ப்ளக்கில், காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். நரை முடி பறந்துகொண்டிருந்தது. கையில் டீ.

"அம்மா, மணி அஞ்சரை."

"தெரியும்."

"எல்லாம் ஓடுது."

"ஓடட்டும். அம்பது வெள்ளி குடுத்துட்டு போயிருக்கான்ல? தீர்ற வரைக்கும் ஓடட்டும்."

அம்மாவின் குரலில் இப்படியொரு சூட்டைக் குமுதா கேட்டதே இல்லை. தோட்டத்தில் கங்காணியோடு சண்டை போட்டவள் என்று அப்பா சொல்வார், குமுதா நம்பியதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"சனிக்கெழம வருவானே."

"வரட்டும். சோறு இருக்கு, நண்டு இருக்கு. உக்காந்து பேசிட்டு போகட்டும்." அம்மா டீயைக் கீழே வைத்தாள். "இந்த ப்ளக்கு மட்டும் கெடையாது."

சொல்லிவிட்டுக் குனிந்து, இரண்டில் ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை மூன்றுக்கு மாற்றினாள்.