ஆறாவது ஆள்

கிழவர் எவால்டின் இடது காலில் வீக்கத்துக்கான இறுக்கக் காலுறையை முழங்கால்வரை ஏற்றிவிட்டு, மற்றதை டோர்டே கையில் எடுத்தபோது ஊர்ச் சங்கு அலறியது. நின்றது. மறுபடி அலறியது. மூன்றாம் முறையும். சனிக்கிழமை மதியச் சோதனைக்கு ஒற்றை ஊதல்தான். மூன்று முறை ஊதினால் தீயணைப்புப் படைக்கு நிஜ அழைப்பு.

"போம்மா," என்றார் எவால்ட். "ஒத்தக் காலோட கெடந்தா செத்தா போயிடுவேன்?"

வீடுவீடாகப் போய் முதியவர்களைக் கவனிப்பது அவள் வேலை. வேனைக் கிளப்பினாள். எங்கும் தீப்பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். கார்ஸ்லோவ் தீயணைப்புப் படையின் தலைவரான அவள் அண்ணன் ஹார்ட்முட் முந்தாநாளே சொல்லியிருந்தார். "இந்த வாரம் மாவட்டத்துலேருந்து ஒருத்தன் வர்றான். கடைசியா ஒருவாட்டி சங்கு ஊதிப் பாப்பான். பகல்ல எவனும் வரப்போறதில்ல. நம்ம படைய மூடிட்டு வண்டிய டவுனுக்கு ஓட்டிட்டுப் போயிருவான். ஒருவழியா முடிஞ்சுது." அந்தக் கடைசி வார்த்தையில் வருத்தம்கூட இல்லை. பல வருஷமாகத் தூக்கிச் சுமந்த மூட்டையை இறக்கி வைக்கிறவரின் அலுப்புதான் இருந்தது.

கார்ஸ்லோவில் பள்ளிக்கூடம் இப்போது பெர்லின்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடு. மதுக்கடை மூடியாயிற்று. இளசுகள் ஹாம்பர்க், ஸ்டுட்கார்ட் என்று போய் அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஆண்களில் பாதிப்பேர் விடியுமுன் காரெடுத்து வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் வயசானவர்கள். ஆறு பேர் இல்லாமல் தீயணைப்பு வண்டி கொட்டகையை விட்டு நகரக்கூடாது என்பது விதி. போன கோடையில் ப்ரீஸ் வீட்டுக் களஞ்சியம் பற்றிக்கொண்ட மதியம், ஹார்ட்முட்டும் இன்னும் இரண்டு பேரும்தான் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைப் பிடித்தபடி டவுன் வண்டிக்காகக் காத்து நின்றார்கள். உள்ளே கட்டியிருந்த குதிரைகளின் சத்தம் அடங்கும்வரை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் டோர்டே அண்ணனிடம் போய், நாங்கள் சேர்கிறோமே என்று கேட்டாள். "பொம்பளைங்களா? விழாவுக்கு கேக் சுடுறீங்கல்ல, அது போதும்," என்றார்.

அவள் வாதாடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை மாலைகளில், ஐந்து பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்ப் படையில் பயிற்சி எடுக்கப் போனாள்; ஆறு பேரும் அங்கே பெயர் பதிந்துகொண்டார்கள். அங்கே தலைவர் ஒரு பெண். வீடுகளில் நீச்சல்குளத்து உடற்பயிற்சி என்று சொல்லிவைத்தார்கள். குழாய்த் தண்ணீரில் நனைந்த தலையோடு திரும்பியதால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொட்டகை வாசலில் ஹார்ட்முட்டும், மாவட்ட அதிகாரி வெண்ட்லான்டும் நின்றிருந்தார்கள். டோர்டேக்கு முன்பே துயெத் வந்துவிட்டாள். பெர்லின் சுவர் விழுமுன் வியட்நாமிலிருந்து நூல் ஆலைக்கு வேலைக்கு வந்து, ஆலை போன பிறகும் போகாமல், ஊரின் ஒரே மளிகைக்கடையை நடத்துகிறவள்.

"கடைய யாரு பாத்துக்கறா?" என்றார் ஹார்ட்முட்.

"தெறந்துதான் கெடக்கு. திருடுறதுக்காவது ஊர்ல ஆள் வேணாமா?"

தபால்காரி வந்தாள். ப்ரீஸ் வீட்டு மருமகள் சாணி ஒட்டிய பூட்ஸோடு வந்தாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பெண் வந்தாள். அதோடு சாலை வெறிச்சென்று ஆகிவிட்டது.

"அஞ்சு," என்றார் வெண்ட்லான்ட். குரலில் கேலியில்லை. அதுதான் டோர்டேயைச் சுட்டது. "மன்னிக்கணும். விதி ஆறு."

"அண்ணே, நீ ஏறு."

"எனக்கு வயசு தாண்டிருச்சுடி. சாவி வச்சுக்கலாம், வண்டியில ஏறக்கூடாது." அவர் தரையைப் பார்த்தார். "விடு. வந்தீங்கல்ல, அதுவே பெருசு."

அப்போது சைக்கிள் ஒன்று வளைவில் திரும்பியது. முடிதிருத்தும் இனெஸ், சாயக் கையுறையைக் கழற்றாமலே மிதித்து வந்தாள்.

"யார் தலையப் பாதியில போட்டுட்டு வர்றே?" என்றார் ஹார்ட்முட்.

"உங்க பொண்டாட்டி தலைதான். பச்சையாப் போனா நீங்கதான் பதில் சொல்லணும். அவங்கதான் ஓடு ஓடுன்னு வெரட்டினாங்க."

துயெத் சிரித்துவிட்டாள். வெண்ட்லான்ட் சிரிக்கவில்லை. "பதிவேட்டுல நீங்கள்லாம் அடுத்த ஊர்ப் படையில இருக்கீங்க."

"குடியிருக்கறது இங்க. ரெண்டு ஊர்லயும் இருக்கலாம்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க," என்றாள் டோர்டே.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இன்னைக்கு ஆறு பேர். எல்லாரும் அம்பதத் தாண்டினவங்க, இவங்க ஒருத்தரத் தவிர." ப்ரீஸ் மருமகளைக் காட்டினார். "பத்து வருஷம் கழிச்சு? உங்களுக்கு அப்புறம் யாரு வருவாங்க?"

அந்தக் கேள்வியை டோர்டே தனக்குள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். எவால்டுக்குக் காலுறை மாட்டும்போதெல்லாம், எனக்கு யார் மாட்டிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். பதில் கிடைத்ததில்லை. இப்போதும் இல்லை. ஆனால் பதில் தெரியாதவர்கள் கதவைச் சாத்திவிட வேண்டும் என்று எவன் சொன்னான்?

"தெரியாது சார். இன்னைக்கு சங்கு ஊதுனீங்க, இன்னைக்கு வந்துட்டோம். வண்டி வெளிய போகணும். வழி விடுங்க."

அண்ணன் முன்னால் கையை நீட்டினாள். ஹார்ட்முட் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார்.

"கிளட்ச் கொஞ்சம் இறுக்கம்."

"கூட்டுப்பண்ணை டிராக்டர விடவா? பதினெட்டு வயசுல அத ஓட்டினவ நான்."

மற்ற ஐவரும் ஏறிக்கொண்டார்கள். இனெஸின் தலைக்கவசத்தில் செம்பழுப்புச் சாயம் ஐந்து விரலாகப் பதிந்தது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வெண்ட்லான்ட் ஒதுங்கினார். ஒதுங்கினாரே தவிர, முகத்தில் எதுவும் தெரியவில்லை.

டோர்டே நிமிர்ந்து பார்த்தபோது ஹார்ட்முட் வாசலில் இல்லை. ஓட முடியாத காலை இழுத்துக்கொண்டு சாலைக்குப் போயிருந்தார். இரண்டு பக்கமும் பைன் காடுவரை ஒரு வண்டி இல்லை, ஒரு மனிதர் இல்லை. அந்தச் சாலையின் நட்டநடுவே விறைப்பாக நின்று, இரு கைகளையும் அகல விரித்து, வராத வண்டிகளையெல்லாம் அவர் நிறுத்தி வைத்திருந்தார்.