மெழுகுதிரியில் வாட்டிய கோதுகள்

தொண்ணூற்று மூன்றில் அகதியாய் வந்தவர்கள் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு பட்டறை இருந்தது. குறிபார்த்துச் சுடும் கழகத்துக்காரர்களின் வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதுகளை, திரும்ப நிரப்புவதற்கு ஆயத்தம் செய்து கொடுப்பதுதான் வேலை. பலமுறை சுட்ட கோதின் கழுத்துப் பித்தளை இறுகிவிடும். நெருப்பில் வாட்டி இளக்க வேண்டும். எல்லாக் கழுத்தும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் குறி தப்பும் என்று முதலாளி உயிரை வாங்குவார். வாட்டுவது கீதன். எதிரே இருந்து கழுத்தின் தடிப்பை அளப்பது அன்ரனெற் அக்கா.

அக்கா கீதனின் ஊர்க்காரி. ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த அவருடைய கணவரை, துரோகி என்று சொல்லிச் சுட்டுப்போட்டது ஓர் ஆயுத இயக்கம். கீதன் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை என்று அவனுடைய அகதி விசாரணையில் சாட்சி சொல்ல அவர்தான் வரவிருந்தார். கீதனின் வழக்கு முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நின்றது.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், வாட்டும் அடுப்பின் காஸ் முடிந்துவிட்டது. முதலாளி வெளியே போயிருந்தார். நாலு மணிக்குள் இருநூறு கோது கொடுக்க வேண்டும். கீதன் மேசை லாச்சியில் கிடந்த மெழுகுதிரியைக் கொளுத்தினான். கோதின் அடியை இரண்டு விரலால் பிடித்து, கழுத்தைச் சுவாலையில் உருட்டி, சூடு விரலுக்கு ஏறியதும் ஈரத்துணியில் போட்டான். பார்க்காமலே அடுத்ததை எடுத்தான். கெட்டிக்காரன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான், மடையன். முப்பது முடிந்த பிறகுதான் அக்காவின் கை ஓய்ந்திருப்பதைக் கண்டான்.

"உந்த வேலையை ஆர் பழக்கினது?"

"முதலாளிதான் அக்கா."

"மூண்டு வருசமா நானும் உவரோடதான் நிக்கிறன். உவருக்கு உது தெரியாது."

சட்டத்தரணியின் கேள்விகளுக்கெல்லாம் மறுமொழி பாடமாக்கி வைத்திருந்தவன், கையிலிருந்த கோதை மேசையில் வைத்தான்.

"பதினேழு வயசில இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நான் ஒருத்தரையும் சுடேல்லை அக்கா. கோது மட்டும்தான் வாட்டினனான்."

"அவரைச் சுட்ட ரவையையும் ஆரோ ஒருத்தன் உப்பிடி இருந்துதான் வாட்டியிருப்பான்."

அக்கா அந்த முப்பதையும் துடைத்து, ஒவ்வொன்றாக அளந்து, சரியானவற்றின் பெட்டியில் போட்டார்.

வேலை முடிந்து குளிர்கோட்டை மாட்டும்போது சொன்னார்.

"நாளைக்கு வாறன். சொன்னால் சொன்னதுதான். ஆனால் பைபிளில கை வைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுவினம், தெரியும்தானே?"

வரவேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவரை விட்டால் அவனுக்குச் சாட்சி வேறு யாரும் இல்லை.

"ஓம் அக்கா," என்றான்.