எல்லாருக்கும் ஆகக் குறைந்த அளவு

என் மனைவி றிஸ்லா மௌத்தாகி அடக்கம் முடிந்ததிலிருந்து எனக்கு வேலை மட்டும்தான் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தாமல் புதிய கார்ட் ஒன்றைச் செருகினால், அதற்கு ஒரு தடவையில் எவ்வளவு தரவு அனுப்புவது என்று கணினியின் அடிப்படை மென்பொருளான கேர்னல் முடிவெடுக்க வேண்டும். மற்றப் பாகங்கள் பெரிய பொதிகளாக அனுப்பும். புதிதாக வந்தது சிறிய பொதியைத்தான் வாங்கும் என்றால், அது செத்ததுபோலக் கிடக்கும். அதைத் திருத்துவதுதான் என் வேலை.

கொழும்பிலிருந்து மேலாளர் அழகரத்தினம் அண்ணன் அழைத்தார்.

"ஏன் தம்பி மினக்கெடுறீர்? எல்லாத்தையும் ஆகக் குறைஞ்ச அளவில விடும். எது வந்தாலும் வேலை செய்யும்."

"மற்றதெல்லாம் மெதுவாகிப் போகுமே அண்ணன்."

"போகட்டும். ஒண்டும் நிண்டு போகாதுதானே."

எரிச்சலாக இருந்தது. ஒரு நோஞ்சானுக்காக எல்லாரையும் இறக்குவது என்ன நியாயம்? வாக்குவாதப்பட மனமில்லை, சொன்னபடியே செய்தேன். கார்டைக் கழற்றிச் செருகினேன். உடனே வேலை செய்தது. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை.

தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். றிஸ்லாவின் தங்கை, மச்சினி நிஸ்றா, யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய கலியாணத்தை அவள் வாப்பா, என் மாமா, தள்ளிப்போட்டிருந்தார். வீட்டில் டிவி போடுவதில்லை. எனக்காகத்தான் இந்த வீட்டையே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குரியது, நான் கலியாணம் முடித்து வந்து குடியேறியவன். போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மாமாவிடம் போனேன்.

"நான் ஏறாவூருக்கு உம்மாட்ட போறன் மாமா. நிஸ்றாட கலியாணத்த வைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஷாகிராவ?"

"கூட்டிட்டுப் போகத்தான் ஆசை."

"புள்ளையக் கேளுங்க மகன். அவ சொல்றதுதான் முடிவு."

எனக்கு மிச்சமிருப்பது மகள் ஒருத்திதான். அவள் வருவாள் என்றுதான் நினைத்தேன்.

ஷாகிரா கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு வருகிறாளா என்று கேட்டேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தாள்.

"நான் வராட்டி நீங்க மட்டும் போவீங்களா வாப்பா?"

"ஓம் மகள்."

எழுந்து வந்து என் காதில் வாயை வைத்தாள்.

"நீங்க போன பொறகு நாங்க சத்தமாக் கதைக்கலாமா?"

"கதைக்கலாம்" என்றேன். நானும் மெதுவாகத்தான் சொன்னேன்.