நனைக்காமல் வெட்டிய துணி

1934ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் நாள், புனித கியோர்கித் திருநாளன்று, ரோதோப்பி மலையூரான ப்ரெஸ்தோவோவில் காலையில் வெயில் காய்ந்தது. நண்பகலில் மழை பெய்தது. அம்மழையில் ராதூங்காவின் ஐந்து வயது மகள் நேதா சுருங்கி, உயரத்தில் பாதியானாள்.

காரணத்தை ஊரார் அனைவரும் அறிவர். அம்மலையில், தறியிலிருந்து இறங்கிய கம்பளித்துணியை எவரும் அப்படியே வெட்டுவதில்லை. மதகு வழியே நீர் பாய்ந்து சுற்றும் ஓடைக்கரைச் சுழல்தொட்டியில் அதனை மூன்று முறை முக்கிச் சுருங்கவைத்த பின்னரே கத்தரியை எடுப்பர். மூன்று முக்குக்குப் பின் துணி சுருங்காது. குழந்தைகளின் உடுப்புக்கோ இவ்விதியில் விலக்கே இல்லை. ஆனால் திருநாள் வாரத்தில் தொட்டியருகே பெருங்கூட்டம். "ராதூங்கா அக்கா, வரிசையில நில்லுங்க. உங்க மகளுக்குன்னு தனியா ஆறு ஓடுமா?" என்று தொட்டிக்காரன் ஸ்தோயில் கேலி பேசினான். ரோஷமுற்ற ராதூங்கா துணியை உலர்ந்தபடியே வீட்டுக்குச் சுமந்து சென்று, வெட்டி, மேலங்கி தைத்து, மகளுக்கு மாட்டிவிட்டாள்.

மழையில் அங்கி சுருங்கியது. உள்ளிருந்த பிள்ளையும் அதனோடு சுருங்கினாள். பொத்தான்கள் கழலவில்லை. தகப்பன் மனோல் தையலில் கத்தரியை வைத்ததும், "அப்பா, என்னை வெட்டாதப்பா!" என்று நேதா அலறினாள். தையலோரத்தில் ஒரு துளி இரத்தம் அரும்பியது. கத்தரி மீண்டும் பெட்டிக்குள் போயிற்று.

இன்னும் இரு நனைப்புகள் மிச்சமிருந்தன. மேகம் கண்டால் ராதூங்கா கதவடைத்தாள். மகளை அழவும் விடவில்லை, கண்ணீரும் தண்ணீரே என்பதால். ஆயினும் ஜூன் மாதத்தில் கூரை ஒழுகியது. விடிந்தபோது நேதா பூனைக்குட்டியளவில் தலையணைமேல் ஒடுங்கியிருந்தாள். தூக்கப்போன தாயைக் கண்டு பின்வாங்கி, "அம்மா, உன் கை ரொம்பப் பெருசா இருக்கு. கிட்ட வராத, பயமா இருக்கு" என்றாள்.

ராதூங்கா மிச்சத் துணியை நனைக்காமலேயே வெட்டித் தனக்கும் ஓர் அங்கி தைத்தாள். அதனை அணிந்து தொட்டிக்கு வந்தவளை நோக்கி ஸ்தோயில் பதறினான்.

"அக்கா, கழட்டிக் குடுங்க! வரிசையே வேணாம், முதல்ல உங்களுதையே முக்கித் தர்றேன்."

"முக்கத்தான் வந்தேன் தம்பி. துணிக்குள்ள நானும் இருப்பேன்."

மனோல் கரையில் பாற்கட்டி வடிக்கும் கூடையோடும் நேதாவோடும் நின்றான். ராதூங்கா தனியே இருமுறை முங்கினாள். அவன் கூடையால் அவளை அள்ளிக் கரையில் விட்டபோது, நேதா சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்று ஓடிவந்து இடுப்பிலேறினாள். மூன்றாம் முறை இருவரும் சேர்ந்தே முங்கினர். அதன்பின் அத்துணி எம்மழையிலும் சுருங்கவில்லை. தாயையும் மகளையும் மனோல் சட்டைப்பையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டு சென்றான். ஊரார் குனிந்து நலம் விசாரித்தனர், அவ்வளவே. அவ்விருவரும் முங்கிய நாளில் ஸ்தோயில் மதகை அடைத்துச் சுழலை நிறுத்தியபோது மணி மாலை நான்கு நாற்பது.