குளிர்த்திக்கு வைத்த கொடி

ஜெயரூபி ஊர்க் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று கொடியை இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது, சனியன். மேலே பார்த்தால் கண்ணைப் பறிக்கிற ஊதாப் பூ. கீழே ஒரே சிக்கல், வெளிச்சம் ஒரு பொட்டும் இறங்காது. மீன்தொட்டிக் கடைக்காரர்கள் இதற்கு ஊதாராணி என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அழகாயிருந்தால் போதுமே, அது எங்கிருந்து வந்தது, எதை அழிக்கும் என்று யார் கேட்கிறார்கள்?

கேட்டவள் ஜெயரூபி. கேட்டதால்தான் இந்தக் கதி. தாவரவியல் ஆராய்ச்சி செய்கிறவள், இந்தக் கொடி நம் குளத்துச் செடிகளை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காகக் கடையில் வாங்கி, கட்டைபறிச்சான் ஊரில் தன் வீட்டு முற்றத்தில் ஒரு தொட்டியில் வலை போட்டு மூடி வளர்த்தாள். வெள்ளைப் பூப் பூக்கிற கொட்டிச் செடி, அவளறிய, இந்த ஒரு குளத்தில்தான் மிச்சம். மற்றக் குளங்களில் களைநாசினி அதன் கதையை முடித்துவிட்டது. இங்கேயும் போய்விட்டால் பிறகு படத்தில்தான் பார்க்க வேண்டும்.

வலையைத் தூக்கியது கள்ளன் அல்ல, பெற்ற தாய் கமலேஸ்வரி. வைகாசியில் கோயிலில் குளிர்த்தி, அம்மனின் உக்கிரத்தைத் தண்ணீரால் ஆற்றுகிற சடங்கு. தண்ணீரிலேயே பூக்கிற பூவைவிட அதற்குத் தோதானது எது? ஒரு சட்டி நிறையக் கொடியோடு கொண்டுபோய் வைத்துவிட்டார். அம்மனுக்கு வைத்ததைக் குப்பையில் கொட்டலாமா, கால் படலாமா? சடங்கு முடிய முறைப்படி குளத்தில் விட்டார்கள். அந்நேரம் ஜெயரூபி கொழும்பில் ஒரு மாநாட்டில், அழகுச் செடிகளால் வரும் ஆபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வயிறு எரியாதா?

இப்போது ஆவணி. மாரிக்கு முன் அள்ளி முடிக்காவிட்டால் குளம் நிரம்பி வான்பாயும். கொடி வாய்க்கால் வழியே ஊரெல்லாம் போய்விடும். அவளோடு ஆராய்ச்சி செய்கிற மூதூர் நௌபரும் லீவு போட்டுவிட்டு வந்து தினமும் அள்ளினான். அள்ளியதைக் குளக்கட்டில் வெயிலில் காயப் போட்டார்கள்.

"நேத்துப் போட்டதுல பாதியக் காணல்ல," என்றான் நௌபர், குளக்கட்டில் நின்று.

"மாடு திண்டிருக்கும்."

"திண்டா சாணி கிடக்கணுமே."

அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. கொடி விலகிய இடத்தில் ஒரு கொட்டி, ஒற்றைப் பூங்கதிரை வெளியே நீட்டியிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்ததல்லவா அது! சேற்றுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிழைத்துவிடும், இன்னும் கொஞ்சம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கமலேஸ்வரி தேத்தண்ணியோடு குளக்கட்டில் ஏறி வந்தார். குவியலைப் பார்த்ததும் முகம் சுருங்கிற்று.

"அம்மாளுக்கு வச்ச பூவ இப்பிடிக் காயப் போடலாமா பிள்ளை? அதுதான் நான் விடிய வெள்ளென வந்து, ஆக்கள் கேக்கக் கேக்க எடுத்துக் குடுக்கிறனான்."

"ஆருக்கு?"

"தோப்பூர்ப் பக்கம் சின்னப்பிள்ளையளுக்கு அம்மாள் போட்டிருக்காம், உடம்பெல்லாம் கொப்புளமாம். இலங்கைத்துறையில இருந்தும் வந்தவை. தங்கட குளத்தில விட்டா ஊர் குளிருமெண்டு கொண்டு போறாங்கள்."

ஜெயரூபி தண்ணீரை உழக்கிக்கொண்டு கரைக்கு வந்தாள். "எத்தின தரம் சொன்னனான் அம்மா, இது நஞ்சு மாதிரியெண்டு!"

"இந்தக் குளத்தில இருக்கக் கூடாதெண்டுதானே சொன்னனீ," என்றார் தாய், உண்மையாகவே விளங்காமல். "அதுதான் வேற ஊருக்குக் குடுத்தனான். என்ட மகள் கம்பசில படிச்சு வளத்த பூவெண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

நௌபர் கையிலிருந்த கொடியை மெல்லக் கீழே வைத்தான்.

"எந்தெந்த ஊர் அம்மா?" என்று கேட்டாள் ஜெயரூபி.

கமலேஸ்வரி சந்தோசமாக, விரலை மடக்கி மடக்கி ஊர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒரு கை விரல்கள் முடிந்து மற்றக் கைக்குப் போனார்.